வீட்டு ஸ்ட்ரீமர் வைஃபையில் நிற்காதபோது: டெல்டா வீடுகளின் அனுபவங்கள்

கும்பகோணம் மேற்கு

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அப்புறம் இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகும். ஃபைபர் கம்பி தெருப் பக்கமிருந்து வருவதால் அந்தப் பெட்டி ரேழியில் இருக்கிறது. அப்பா பாட்டுக் கேட்கும் அறை இரண்டாம் கட்டில்.

அப்பா திருச்சி வானொலி கேட்டு வளர்ந்தவர், நாகஸ்வரம் என்றால் உயிர். அதற்காகத்தான் இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஒலிக்கும் ஸ்ட்ரீமர் கருவி வாங்கினேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுந்து போகும். விட்ட இடத்திலிருந்தே திரும்ப வந்தாலும் கேட்டவருக்கு அது ஒட்டாது. "போதும், நிறுத்திடுப்பா" என்று எழுந்து போய்விடுவார். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது.

நெட் கொடுப்பவர்களிடம் கேட்டால் பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். இங்கேதான் எல்லோரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சிடி தரத்தில் நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடம். பெருக்கினால் நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட், அதாவது ஒன்றரை எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) கூட இல்லை. தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்பாக வந்தால் அதற்கும் குறைவு. எம்பி3 அதிகபட்சமே 320 கிலோபிட்தான். 40 எம்பிபிஎஸ் வரும் வீட்டில் இதற்காக 100-க்குப் பணம் கட்டுவது வீண். சிக்கல் தெருவுக்கு வெளியே இல்லை, ரேழிக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அதை உறுதிப்படுத்த ஸ்ட்ரீமரைத் தூக்கிக்கொண்டு போய் ஃபைபர் பெட்டி பக்கத்திலேயே வைத்துப் பாட விட்டேன். சாயங்காலம் முழுக்க ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆக, கருவியும் நெட்டும் சரி. அப்புறம் போனில் வைஃபை அலையின் பலத்தைக் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். ரேழியில் மைனஸ் 40 டிபிஎம் (பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம்), கூடத்தில் மைனஸ் 62, அப்பா அறையில் மைனஸ் 80-க்கும் கீழே. தடங்கலில்லாமல் பாட்டு ஓட மைனஸ் 67 வரையாவது இருப்பது நல்லது என்பார்கள்.

சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர்கள், நடுவில் இரும்பு பீரோ. செங்கல் சுவர் அலையைக் குறைக்கும், இரும்பு தகடோ அப்படியே திருப்பி அடிக்கும். பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளியதுமே கொஞ்சம் மாற்றம் தெரிந்தது. ஆனாலும் போதவில்லை. தாழ்வார உத்திரத்தை ஒட்டியே ஒரு லேன் கேபிளைக் கூடம் வரை இழுத்து, பழைய ரௌட்டர் ஒன்றை, கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் ஆக்ஸஸ் பாயின்டாக மாற்றி வைத்தேன். அதில் கருவிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட வேண்டும், அந்த வேலை ரேழிப் பெட்டிக்கு மட்டும் இருக்கட்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள். தெருவில் பெரும்பாலோர் 6-இல் இருந்ததால் நாங்கள் 11-க்குப் போனோம்.

அறுபடுவது அதோடு நின்றது. ஆனால் கரண்ட் போய் வந்தால் மட்டும் வேறொரு தொல்லை. ஸ்ட்ரீமரின் திரையில் வைஃபை குறி முழுசாக இருக்கும், பாட்டு வராது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால் 192.168 என்று தொடங்க வேண்டிய முகவரி 169.254 என்று நிற்கும். இதைக் கண்டால் மேலே தேட வேண்டியதில்லை: முகவரி கேட்டிருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லாததால் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கூடத்து ரௌட்டர் ஒரு நிமிஷத்துக்குள் எழுந்துவிடும். ரேழிப் பெட்டி எழுந்து முகவரி கொடுக்கத் தயாராக இரண்டு மூன்று நிமிஷம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறது. சில கருவிகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும், எங்களுடையது கேட்பதில்லை.

ரேழிப் பெட்டிக்குக் கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி மாட்டினேன். பராமரிப்புக்காக நாள் முழுக்க மின்தடை வரும் நாளில் அது தாங்காது. மற்றபடி காற்றடித்தால் போய்ப் போய் வருகிற கரண்டுக்குத் தாராளமாகப் போதும். இப்போது அப்பா தானே போட்டுக் கேட்கிறார்.

மன்னை வாசி

அண்ணா, அந்த 169.254 விஷயம் எங்கள் வீட்டிலும் அப்படியே உண்டு. காரணம் இப்போதுதான் பிடிபட்டது.

நான் பட்டது முதல் நாள் அமைக்கும்போதே. எங்கள் ரௌட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டுக்கும் ஒரே பெயர். ஸ்ட்ரீமருக்கு 2.4 மட்டும்தான் தெரியும், போன் 5-இல் உட்கார்ந்திருந்தது. ஸ்ட்ரீமரின் ஆப் தேடு தேடு என்று தேடிவிட்டுக் கடைசியில் கைவிரித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனையும் 2.4-க்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த படிக்கே போனது. அங்கேயும் கடவுச்சொல் தப்பு என்றது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன், தப்பே இல்லை. ரௌட்டரில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தது. டபிள்யூபிஏ2-க்கு மாற்றியதும் சேர்ந்துகொண்டது. பழைய கருவி வைத்திருப்பவர்கள் கடவுச்சொல்லைச் சந்தேகப்படும் முன் இதைப் பாருங்கள்.

மயிலாடுதுறை அக்கா

எங்கள் வீட்டில் பாட்டு நிற்கவே நிற்காது. ஆனால் போனில் ஸ்ட்ரீமர் கண்ணுக்கே தெரியாது. சத்தம் குறைக்க வேண்டுமானால்கூட எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும். முட்டி வலியோடு அது எவ்வளவு சிரமம் என்று அனுபவிப்பவர்களுக்குத் தெரியும்.

விடுமுறைக்கு வந்த பையன்தான் கண்டுபிடித்தான். போனும் ஸ்ட்ரீமரும் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ஒரு குரல் கொடுக்குமாம். அந்தக் குரல் எல்லோருக்கும் எட்டினால்தான் "நான் இங்கே இருக்கிறேன்" என்று பதில் வரும். என் போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. அதில் சேர்ந்த கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளோடு பேசாதபடி ரௌட்டரே தடுத்துவிடும். விருந்தாளிகளுக்கு அது நல்ல ஏற்பாடு, வீட்டு மனுஷிக்கு எதற்கு? போனை வீட்டு வைஃபைக்கு மாற்றினான், உடனே தெரிந்தது.

என் மருமகள் போனில் மட்டும் அப்போதும் தெரியவில்லை. அவள் ஆபீஸ் வேலைக்காக விபிஎன் (போனின் நெட்டை ஆபீஸ் வழியாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டு வைத்திருப்பாள். அதை அணைத்ததும் சரியாயிற்று. மேலே எழுதிய தம்பிகள் மாதிரி ரௌட்டருக்குள் எல்லாம் போக எனக்குத் தைரியம் இல்லை. இந்த இரண்டையும் யாரும் பார்த்துவிடலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நாகைக் கடலோரம்

திருவையாறு ஆராதனை ஒலிபரப்புகளை வானொலியிலிருந்து வருஷா வருஷம் பதிவு செய்து ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கிறேன். ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினியில் அந்த டிஸ்கைச் செருகி அதையே ஸ்ட்ரீமராக வைத்திருந்தேன். டிஸ்க் இல்லாமல் இணைய வானொலி போட்டால் அருமையாகப் பாடும். டிஸ்கைச் செருகினால் வைஃபை தடுமாறும். அலை பலம் நன்றாகவே இருந்தது, அதனால் சுவர், தூரம் என்று தேடியதில் பிரயோஜனம் இல்லை.

காரணம் யூஎஸ்பி 3. அந்த இணைப்பு வேலை செய்யும்போது அதிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் விழும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. கம்பிக்குச் சரியான உறை இல்லையென்றால் இன்னும் மோசம். டிஸ்கை நீல நிறத் துளையிலிருந்து கழற்றிக் கறுப்புத் துளையில், அதாவது யூஎஸ்பி 2-இல் செருகினேன். பாட்டுக் கோப்புக்கு அந்த வேகமே அதிகம். தடுமாற்றம் போய்விட்டது. டிஸ்கை ஒரு நீள கேபிளில் தள்ளி வைத்தாலும் பலன் உண்டு.

பிற்பாடு ரௌட்டர் அதே அறைக்கு வந்துவிட்டதால் 5 கிகாஹெர்ட்ஸுக்கே மாற்றிவிட்டேன். மாற்றுகிறவர்கள் 36-இலிருந்து 48-க்குள் ஒரு சேனலை நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரை ரேடாரோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்கள். ரேடார் அலை தென்பட்டதாகத் தோன்றினால் ரௌட்டர் அந்த இடத்தைக் காலி செய்து வேறு சேனலுக்குத் தாவும், கச்சேரி நடுவில் நிற்கும். ராஸ்பெரி பையில் வைஃபை நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று போடவும் மறக்காதீர்கள். அது போடாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டியலிலேயே வராமல் போகலாம்.