ஸ்டில் 070: காபரேற்றர் மாத்தினால் இழுவை கூடுமோ?

மாங்குளம்_வாள்காரன்
வணக்கம். பழைய ஸ்டில் 070 சங்கிலி வாள், 106 சிசி. காத்தையும் பெற்றோலையும் கலக்கிற காபரேற்றர் பழைய டில்லொட்சன்தான். சும்மா முழுசாத் திறந்தால் கிறீச்செண்டு கத்துது. பாலை, முதிரை அடிமரத்தில அமத்தினால் பாதி வெட்டிலேயே வலு விழுது. கடையில ரெண்டு வழி சொல்லுறாங்கள்: ஒண்டு புது நகல் காபரேற்றர், மற்றது வாய் அகலமானது. எது நல்லம்?

பாலைமரம்
அகல வாயை விடுங்கோ, தம்பி. 070 மெதுவாச் சுத்தி முறுக்கு விசையால இழுக்கிற எஞ்சின். சிலிண்டரின்ர காத்து வழியும் (போர்ட்) சைலன்சரும் விடுற காத்து அவ்வளவுதான். வாய் அகண்டால் காத்தின்ர வேகம் குறையும், பெற்றோலை உறிஞ்சிற பலமும் குறையும். பாரத்தில முதல்ல சாகிறது அந்த முறுக்குத்தான்.

நீங்கள் சொல்லுறது பெற்றோல் குறைஞ்ச கலவையின்ர குணம். காபரேற்றருக்குள்ள இருக்கிற மெல்லிய சவ்வு, டயபிரம், விறைச்சிருக்கும். கழட்டி விரலால அமத்திப் பாருங்கோ, தகரம் மாதிரி சடசடத்தால் முடிஞ்சுது. டயபிரம், கஸ்கட் (இடைத்தாள்), பெற்றோலை விடுற ஊசி வால்வு எல்லாம் உள்ள கிட் ஒண்டு போடுங்கோ. ஊசி வால்வின்ர லீவர் அறையின்ர தரை மட்டத்துக்கு நிக்கோணும். ஸ்கேல் ஒண்டை வைச்சுப் பாருங்கோ. தாழ்ந்தால் பெற்றோல் காணாது, உயர்ந்தால் ஊத்தும். முதல் கஸ்கட், அதுக்கு மேலதான் டயபிரம். ஓட்டைகளுக்குள்ள வயர் விடவே வேண்டாம்.

ஒட்டுசுட்டான்_வேர்க்சொப்
கிட்டுக்கு முதல் காத்துக் கசிவைப் பாருங்கோ. கிராங் தண்டில காத்தை மறிக்கிற சீல் தேய்ஞ்சால் எந்தக் காபரேற்றரும் உதவாது. எஞ்சின்ர காபரேற்றர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைச்சு 0.5 பார் காத்துக் குடுங்கோ, அமுக்கமானியின்ர ஊசி இறங்கக் கூடாது. பிறகு உறிஞ்சியும் பாக்கோணும். அமுக்கத்தில பிடிக்கிற சீல் உறிஞ்சலில விடும். காபரேற்றர் கஸ்கட்டை மறிச்சுப் போட்டால் எஞ்சின்ர காத்துத் துடிப்பு வாற ஓட்டை அடைபட்டுப் போம், அதால ஓடுற பெற்றோல் பம்ப் வேலை செய்யாது.

நகல்தான் வாங்கிறதெண்டால் எச் ஸ்குரூ (முழு வேகத்துக்குப் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது) இல்லாததைத் தொடாதேங்கோ. எங்கட வெயிலுக்குத் திருப்ப வழி வேணும்.

மாங்குளம்_வாள்காரன்
நன்றி அண்ணை. பிளக்கும் வெள்ளையாத்தான் இருக்கு. எச் எவ்வளவு திறக்கிறது? ஒயில்?

பாலைமரம்
வெள்ளை பிளக் எண்டால் பெற்றோல் காணாது. அதோட இனி ஒரு வெட்டும் வெட்டாதேங்கோ, பிஸ்டன் உரசிப் பிடிக்கும். பிஸ்டனைக் குளிராக்கிறதும் அந்தப் பெற்றோல்தான்.

எச்சும், மெது வேகத்துக்கான எல் ஸ்குரூவும் மெல்ல மூடி, ஒரு சுத்துத் திறந்து தொடங்குங்கோ. இறுக்கினால் ஊசி நுனி கெடும். எயார் பில்ரர் கழுவி, எஞ்சின் சூடான பிறகுதான் திருப்போணும். வெட்டாமல் முழுசாத் திறக்கேக்க சத்தம் கொஞ்சம் தடுமாறி, கரகரத்து வரோணும். பல் மரத்தில பதிஞ்ச உடன அது சீராகோணும். மரத்துக்கு வெளியில கூவினால் எச்சை எட்டில ஒரு சுத்துத் திறவுங்கோ. சாதாரண ரூ-ஸ்ட்ரோக் ஒயில் எண்டால் 25க்கு 1, லீற்றருக்கு 40 மில்லி.

ஒட்டுசுட்டான்_வேர்க்சொப்
சங்கிலியையும் பாருங்கோ. .404 அளவுச் சங்கிலி எண்டால் 5.5 மிமீ அரம், பல்லுக்கு முன்னால நிக்கிற மேடு பல்லை விட 0.8 மிமீ தாழ்வு. முதிரையில அந்த மேடு உயரமா நிண்டால் தூள் மாவாத்தான் வரும். அந்தப் பழியைக் காபரேற்றரில போடக் கூடாது.