படுவான்கரைத் தொண்டர் குழுவுக்குத் தீயணைப்புக் குழாய் தேவை

வணக்கம் உறவுகளே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு, மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பாதை சுகம்தான், ஆனாலும் கச்சான் காற்று (வரண்ட தென்மேல் காற்று) நேரத்தில் ஒரு கிடுகு வீடு பற்றினால் டவுனிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் கூரை முழுக்க எரிந்துவிடும். அதனால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் நாங்கள் கொஞ்சப் பேர், வயலுக்கு நீர் இறைக்கிற 2 இஞ்ச் பம்பை வைத்துத் தொண்டர் குழு ஒன்று நடத்துகிறோம். முதலில் 110க்கு அழைத்துவிடுவோம், வண்டி வரும்வரை பக்கத்து வீட்டுக் கூரைகளை நனைத்து வைப்பதுதான் எங்கள் வேலை.

இப்போது உள்ள குழாய் ஓட்டை. பழையதென்றாலும் அழுத்தம் தாங்குகிற குழாயோ நொசிலோ யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், வாவித் தண்ணீர் உப்பு, அடித்து முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியும் பம்ப் உள்ளே துருப்பிடிக்கிறது, என்ன செய்யலாம்? தீயணைப்பில் வேலை செய்த அண்ணாமார் யாராவது ஒரு ஞாயிறு வந்து எங்கள் பொடியன்மாருக்குப் பழக்கிவிட்டால் பெரிய உதவி.