பேலியோவில் எடை இறங்கியது, எல்.டி.எல். ஏறியது

மலைக்கோட்டை:
மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை அதிகம் உண்ணும் பேலியோ உணவுமுறையில் 4 மாதத்தில் 11 கிலோ குறைந்த பெருமிதத்தோடு ரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கப் போயிருந்தேன். காலையில் 100 பாதாம், மதியம் நெய்யில் பொரித்த 4 முட்டை, இடையில் வெண்ணெய்த் தேநீர் என்று எல்லோரும் அறிந்த பட்டியல்தான். ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190இலிருந்து 62 ஆகியிருந்தது, 'நல்ல கொழுப்பு' எனப்படும் ஹெச்.டி.எல். 71. ஆனால் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 118இலிருந்து 236க்குப் போயிருந்தது. ஆய்வகப் பெண் அந்த எண்ணின் அடியில் இரண்டு முறை சிவப்புக் கோடிட்டு, "ஐயா, தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

வைகைக்கரை:
எடை இறங்கும் காலத்தில் இப்படி ஏறுவதுண்டு. எனக்கு 160 வரை போய், எடை நிலைத்தபின் 130க்குத் திரும்பியது. ட்ரைகிளிசரைடு இறங்கி ஹெச்.டி.எல். ஏறிவிட்டால் எல்.டி.எல்.லைப் பொருட்படுத்தவே தேவையில்லை.

தாமரைக்குளம்:
மேலே கூறியதை என்னால் ஏற்க இயலவில்லை. என் கணவர் தொடங்கும்போதே ஒல்லியானவர். சர்க்கரை வந்துவிடக்கூடாது என்ற அச்சத்தில்தான் சோற்றை விட்டார். எல்.டி.எல். 274 என்று வந்ததும், மருத்துவர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை விரலால் அழுத்திப் பார்த்தார். பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்தவர்கள் சிலருக்கு அங்கே தடிப்பு இருக்குமாம். தடிப்பு இல்லை. ஆனால் தம் தந்தை 49 வயதில் மாரடைப்பில் இறந்ததை அவர் அப்போதுதான் மருத்துவரிடம் சொன்னார். 'பொருட்படுத்த வேண்டாம்' என்ற சொல்லை அவருக்கு யார் சொல்வது?

காவிரிவாசி:
எனக்கு 205 இருந்தது. நெய்யைக் குறைத்து, இரவில் ஒரு கிண்ணம் சோறும் ஒரு பழமும் சேர்த்ததும் 2 மாதத்தில் 140 ஆயிற்று. என் கதை அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் கல்லீரல் ஏற்பிகளின் வேலை குறைகிறது. ஒல்லியானவர்களிடம் மாவுச்சத்து நீங்கியதும், உடல் எரிபொருளாகக் கொழுப்பையே அதிகம் சுமந்து செல்ல வேண்டியிருப்பதால் எல்.டி.எல். மேலும் ஏறுகிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. எல்.டி.எல். 200க்கு மேலும், ஹெச்.டி.எல். 80க்கு மேலும், ட்ரைகிளிசரைடு 70க்குக் கீழும் இருப்போரைச் சில ஆய்வாளர்கள் தனி வகையாகவே குறிப்பிடுகிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும் என்பதால் அதைக் காட்டும் டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை பாருங்கள், எல்.டி.எல். போன்ற கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலைக்கோட்டை ஐயா, பாதாமை நிறுத்த வேண்டாம். முதலில் அந்த வெண்ணெய்த் தேநீரை நிறுத்துங்கள்.