.308-க்கு எந்த டை: புஷிங்கா, சாதாரண ஃபுல் லெங்த்தா?

மண்மூட்டை:
எஃப்-டிஆர் பிரிவில் (முன்னால் இருகால் தாங்கி, பின்னால் மண்மூட்டை வைத்துத் தூரத்து இலக்கைச் சுடும் போட்டி) இது எனக்கு இரண்டாவது சீசன். .308 ரைஃபிள், லாப்புவா கம்பெனியின் பித்தளைக் கூடுகள், 1000 கஜம். சுட்ட கூட்டை அமுக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டையை (அச்சு) இதுவரை நண்பரிடம் இரவல் வாங்கி ரீலோட் செய்தேன் (அதே கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைப்பது), இனி சொந்தமாக வேண்டும். புஷிங் டை (கூட்டின் கழுத்தை அமுக்கும் வளையத்தை மாற்றிக்கொள்ளலாம்), மைக்ரோமீட்டர் சீட்டிங் டை (குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது என்று அளந்து வைக்கலாம்) இரண்டும் வாங்கினால், கூடு முழுவதையும் அமுக்கும் சாதாரண ஃபுல் லெங்த் செட்டைப் போலப் பல மடங்கு செலவு. அதற்குத் தகுந்த மதிப்பெண் வருமா?

காற்றுப்பைத்தியம்:
வராது. 175 கிரெயின் எடையுள்ள குண்டு, விநாடிக்கு 2600 அடி வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கக் காற்றில் மணிக்கு 1 மைல் தப்பாகக் கணித்தால் 1000 கஜத்தில் சுமார் 10 அங்குலம் தள்ளிவிடும். பத்து மதிப்பெண் வளையத்தின் முழு விட்டமே 10 அங்குலம்தான்! இங்கிலாந்தில் பிஸ்லியின் டார்கெட் ரைஃபிள் போட்டியில் எல்லாருக்கும் ஒரே தோட்டாவைக் கொடுத்துவிடுவது வழக்கம். யாரும் டையைப் பற்றிப் பேசுவதில்லை, காற்றைத்தான் பேசுவார்கள்.

மைக்ரான்மாமா:
அதே பிஸ்லியில் மேட்ச் ரைஃபிள் என்று 1200 கஜம் வரை ஒரு போட்டி இருக்கிறது. அங்கே சொந்தமாக லோட் செய்த தோட்டாதான். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளும். வேகம் மாறினால் மேலும் கீழும் சிதறும். விநாடிக்கு 10 அடி வித்தியாசம் 1000 கஜத்தில் ஏறக்குறைய 3 முதல் 4 அங்குலம். வளையம் வட்டமானது சார். உயரத்தில் 4 அங்குலம் விலகிய குண்டுக்குப் பக்கவாட்டில் மிச்சமிருப்பது 3 அங்குலம்தான். காற்றில் தவறு செய்ய உங்களுக்கு இடம் வேண்டுமென்றால், மேல்கீழ் சிதறலைக் குறைத்தாக வேண்டும். கூட்டின் கழுத்து (குண்டு செருகியிருக்கும் வாய்ப்பகுதி) குண்டைப் பிடிக்கும் இறுக்கம் கூட்டுக்குக் கூடு மாறினால் வேகமும் மாறும். புஷிங் இருந்தால் அந்த இறுக்கம் உங்கள் கையில்.

பழையகை:
எதற்கு இதெல்லாம்? லீ கம்பெனியின் காலட் டை ஒன்று போதும். கழுத்தை மட்டும் உள்ளிருக்கும் கம்பியின் மேல் அமுக்கும், எண்ணெய்கூட வேண்டாம். பல வருஷமாக அதில்தான் ஓட்டுகிறேன்.

மைக்ரான்மாமா:
நல்ல டைதான் அண்ணே, குறை சொல்லவில்லை. ஆனால் அது தோளைத் (கழுத்துக்குக் கீழே கூடு அகலும் சரிவு) தொடாது. நான்கைந்து முறை சுட்டதும் கூடு ரைஃபிளின் தோட்டா அறையில் இறுகிவிடும், போல்ட்டைத் தூக்கும்போது மண்மூட்டையில் ரைஃபிளே நகரும். தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் பின்னால் தள்ளும் ஃபுல் லெங்த் டைக்கு இன்று பெரும்பாலோர் வந்துவிட்டது அதனால்தான்.

பழையகை:
போல்ட் இறுகினால் ஒரு தடவை ஃபுல் லெங்த் போட்டுக்கொள்வேன். சரி, இளசுகள் இஷ்டம்.

காற்றுப்பைத்தியம்:
மாமா, புஷிங்கின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். அது கழுத்தை வெளியிலிருந்துதான் அமுக்குகிறது. பித்தளைத் தடிப்பு சமமாக இல்லாவிட்டால் அந்தக் கோணல் அப்படியே உள்ளே போய்விடும். அப்புறம் மேண்ட்ரல் (கழுத்தை உள்ளிருந்து விரித்துச் சரிசெய்யும் கம்பி) வாங்கு, தடிப்பு சமமாகக் கழுத்தைக் கடைந்துவிடு என்று செலவு நீளும். தோளை ஒட்டிய கொஞ்சம் பகுதியைப் புஷிங் அமுக்குவதும் இல்லை.

மைக்ரான்மாமா:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண டை என்ன செய்கிறது? எந்தத் தடிப்புக் கூட்டுக்கும் சரிப்பட வேண்டுமே என்று கழுத்தைத் தேவைக்கு மேல் நெரித்துவிட்டு, வெளியே வரும்போது ஒரு குமிழை உள்ளே இழுத்து மறுபடி விரிக்கிறது. கழுத்து கோணுவது அந்த இழுப்பில்தான்.

ஓரத்தில்நிற்பவன்:
இருவரும் நடுவழியைத் தாண்டிப் போகிறீர்கள். ஃபார்ஸ்டர் கம்பெனியின் சாதாரண ஃபுல் லெங்த் டையை வாங்கி, கழுத்துப் பகுதியை உங்கள் அளவுக்கு ஹோன் செய்து (உள்ளே தேய்த்து அகலமாக்கி) தரச் சொல்லலாம். அவர்களே செய்து தருகிறார்கள். குமிழைக் கழற்றிவிடலாம், புஷிங்கும் வேண்டாம், கழுத்து முழு நீளமும் அமுங்கும். ஒரே நிபந்தனை, கூட்டின் பிராண்டை மாற்றக் கூடாது. நான் அப்படித்தான் செய்தேன். சீட்டிங் டைக்கு மட்டும் மைக்ரோமீட்டர் வைத்தது வாங்கினேன். அது துல்லியத்துக்கு என்பதைவிடச் சோம்பேறித்தனத்துக்கு. குண்டு மாற்றும்போதெல்லாம் பூட்டைத் தளர்த்தித் திருகிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மண்மூட்டை:
இது பிடித்திருக்கிறது. லோட் செய்த பத்துத் தோட்டாக்களின் கழுத்தை இப்போதுதான் அளந்தேன். எல்லாம் 0.337 அங்குலத்தை ஒட்டியே வருகிறது. எவ்வளவுக்கு ஹோன் செய்யச் சொல்வது?

மைக்ரான்மாமா:
0.335. பித்தளை கொஞ்சம் திரும்ப விரியும், அதற்கு அது சரியாக இருக்கும். ஆனால் ஒன்று, அடுத்த முறை வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) கூடு வாங்கினால் தடிப்பு மாறலாம். புஷிங் என்றால் ஒரு சின்ன வளையத்தை மாற்றுவீர்கள். இதில் டையையே மறுபடி ஹோன் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

மண்மூட்டை:
அப்படியென்றால் இதே லாட்டில் இன்னும் இருநூறு கூடு வாங்கி வைத்துவிடுகிறேன்.

காற்றுப்பைத்தியம்:
மிச்சம் பிடித்த பணம் அங்கே போயிற்றா! குண்டு வாங்கவும் கொஞ்சம் வையுங்கள் தம்பி, காற்றடிக்கிற நாளில் சுட்டுப் பழக.