பச்சிளம் குழந்தையின் விதைப்பை வீக்கம்: அனுபவமுள்ளோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அப்பால் தோட்டமொன்றில் வசிக்கும் என் தங்கையின் ஆண் குழந்தைக்கு, பிறந்த நான்காம் நாள் விதைப்பையின் வலப்பக்கம் வீங்கி நீலம் பாரித்தது. சாதாரண நீர்க்கோர்ப்பு என்றே முதலில் சொன்னார்கள். ஆனால் நீராக இருந்தால் டோர்ச் வெளிச்சம் ஊடுருவித் தெரியும், இங்கே தெரியவில்லை. விதை முறுக்கிக்கொண்டதோ என்ற அச்சத்தில் இரவோடிரவாக அம்புலன்ஸில் கொண்டுபோய் எடுத்த டொப்ளர் ஸ்கேனில், விதைக்கு இரத்த ஓட்டம் சீராக இருப்பது தெரிந்தது. வயிற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன வைத்தியருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்: சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியில் கசிந்த இரத்தமே கீழிறங்கித் தேங்கியிருக்கிறதாம். அதனால் சத்திரசிகிச்சை வேண்டாம், மஞ்சள் காமாலையைக் கவனித்து, கசிவு கரையும்வரை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்கிறார்கள். (பற்றுப் போடலாம் என்ற அம்மாயியைத் தடுப்பதுதான் பெரும்பாடு.)

இதே நிலையைக் கண்ட பெற்றோர் இருந்தால், வீக்கம் வற்ற எத்தனை வாரமாயிற்று, எத்தனை முறை ஸ்கேன் எடுத்தார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த கிளினிக் பேராதனை சிறுவர் வைத்தியசாலையில் என்பதால், தாயும் பிள்ளையும் முதல்நாள் இரவு தங்குவதற்கு அருகில் மலிவான இடம் தெரிந்தவர்களும் அறியத்தாருங்கள்.