டோனி ஜாக்சன்: மார்ட்டன் சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

பழையதட்டு:
நியூ ஆர்லியன்ஸின் சிவப்பு விளக்குப் பகுதியான ஸ்டோரிவில்லின் விடுதிகளில், ஜாஸுக்கு முந்திய துள்ளல் தாள இசையான ராக்டைமைப் பியானோவில் வாசித்துப் பாடியவர் டோனி ஜாக்சன். 1921இல் சிகாகோவில் இறந்தார். 'பிரிட்டி பேபி' (1916) அவருடைய பாட்டு. ஆனால் அவர் வாசிப்பு ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. மிஞ்சியது சக கலைஞர்களின் நினைவுதான். 1938இல் வாஷிங்டனில் நாட்டார் இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸின் ஒலிப்பதிவுக் கருவி முன் உட்கார்ந்த நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பியானோக் கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன், ஜாக்சனுக்கு ஈடு யாருமில்லை என்கிறார். எனக்கு அது போதும்.

நிழல்மேடை:
எனக்குப் போதாது. 1902இல் ஜாஸை உருவாக்கியவன் நானே என்று டவுன் பீட் என்ற இசை இதழுக்கு அவர் கடிதம் எழுதியதும் அதே 1938இல்தான். 1885இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஞானஸ்நானப் பதிவேடு 1890 என்கிறது. அந்தக் கணக்கில் ஜாஸை உருவாக்கியபோது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூடத் தாண்டவில்லை!

பழையதட்டு:
அந்தப் புரட்டெல்லாம் தன்னை உயர்த்திக்கொள்ள. இங்கே இன்னொருவரைத் தனக்கு மேலே வைக்கிறார். தற்பெருமைக்காரர் வாயிலிருந்து வந்ததால்தான் அதற்கு எடை அதிகம்.

நிழல்மேடை:
இறந்து 17 வருடமானவரைப் புகழ்வதில் என்ன நஷ்டம்? முன்னோடி பெரியவரானால் அவரிடம் கற்றவரும் பெரியவர்தானே.

இடதுகை:
இருவரும் வார்த்தையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பியானோவைக் கேளுங்கள். லோமாக்ஸுடனான அதே அமர்வுகளில் மார்ட்டன், ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்'கை மிசௌரி பாணியில் ஒருமுறையும் தன் ஊரான நியூ ஆர்லியன்ஸ் பாணியில் ஒருமுறையும் வாசித்துக் காட்டினார். 1899இல் அச்சான இசைத்தாளை வைத்துக்கொண்டு கேட்டால், முதலாவது அதை ஒட்டிப் போகிறது, இரண்டாவது துள்ளி விலகுகிறது. வருடத்தைத் தப்பாகச் சொல்கிற மனிதர்தான். அடுத்தவர் கை எப்படிப் போகும் என்பது அவர் விரலில் இருந்தது. அதனால்தான் ஜாக்சனை நினைத்து அவர் 1939இல் பதிவுசெய்த 'நேக்கட் டான்ஸ்' என்ற பியானோ வாசிப்பு எனக்கு முக்கியமான சாட்சி.

நிழல்மேடை:
ஜாப்ளினுக்கு அச்சுத்தாள் இருக்கிறது, சரிபார்க்கலாம். 'நேக்கட் டான்ஸை' எதோடு வைத்துப் பார்ப்பீர்கள்? அதில் எது ஜாக்சன், எது மார்ட்டன் என்று பிரித்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பழையதட்டு:
மார்ட்டனை விடுங்கள். இன்னொரு பியானோக் கலைஞரான கிளாரன்ஸ் வில்லியம்ஸும், அந்தக் காலத்தில் எல்லோரும் ஜாக்சனைப் பார்த்துத்தான் வாசித்தோம் என்றிருக்கிறாரே?

நிழல்மேடை:
ஜாக்சனைச் சக வித்வான்கள் கொண்டாடினார்கள் என்பதற்கு அது சாட்சி. அதை நான் மறுக்கவே இல்லை. எப்படி வாசித்தார் என்பதற்கு ஆகாது. 'நேக்கட் டான்ஸ்' வாசிப்பை மார்ட்டன் கணக்கிலேயே எழுதுங்கள்.