இருமினா கசியுது, கெகல் செஞ்சும் நிக்கல. என்ன தப்பு?

குடம்தூக்கி:
வயசு 34. ரெண்டும் சுகப்பிரசவம், சின்னவளுக்கு ஒன்றரை வயசு. இருமினா, தும்மினா, தண்ணிக்குடம் தூக்கினா ஒண்ணுக்கு கசிஞ்சுடுது. விசேஷ வீட்டுக்குக்கூட அடர் நிறப் புடவையாத் தேடுறேன். "பிள்ளை பெத்தா அப்படித்தான்டி"ங்கிறாங்க அம்மா. யூடியூப் பார்த்து ரெண்டு மாசமா கெகல் பயிற்சி (ஒண்ணுக்கை அடக்குற இடுப்பு அடித்தசையை இறுக்கி விடுறது) செய்றேன், ஒண்ணுக்குப் போறப்ப நடுவுல நிறுத்தியும் பழகுறேன். மாற்றமே இல்ல. ஆபரேஷன்தானா?

பழைய கண்டக்டர்:
தாயி, நான் ஆம்பளை, வயசு 67. இங்கே எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். போன வருஷம் புற்றுநோய்னு புராஸ்டேட்டை, அதான் ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்குற சுரப்பியை, எடுத்தாங்க. ஆபரேஷன்ல மூத்திரம் போகப் போட்டிருந்த குழாயைக் கழட்டின அன்னிக்கு நாற்காலிய விட்டு எந்திரிச்சேன், வேட்டி நனைஞ்சுபோச்சு. ஓடுற பஸ்ஸுல 30 வருஷம் நின்னவன், தெருமுனை டீக்கடைக்குப் போகப் பயந்தேன்.

தாள்ல எழுதிக் கொடுத்த இதே கெகல் பயிற்சிய ஒரு மாசம் செஞ்சேன், பலனில்ல. அப்புறம்தான் பிசியோதெரபி அம்மா என் கையையே என் வயித்துல வெச்சு "இப்ப இறுக்குங்க"ன்னாங்க. வயிறு கல்லா நிக்குது, மூச்சு நின்னுபோச்சு. மேலே இழுக்கறதுக்குப் பதிலா கீழே முக்கிக்கிட்டு இருந்திருக்கேன்! நாலு பேர் நடுவுல காத்து வந்தா அடக்குவோமே, அந்த இழுப்புதான். பிட்டம், தொடை சும்மா இருக்கணும். அஞ்சு செகண்ட் பிடிச்சா அஞ்சு செகண்ட் முழுசா விடணும். 10 தடவை, மூணு வேளை. முதல்ல படுத்து, பிறகு உக்காந்து, கடைசியா நின்னு. நாளைக்கு அஞ்சு பேட் போய், மூணாவது மாசம் ஒண்ணாச்சு. அந்த ஒண்ணு இன்னும் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன்.

பிசியோ அக்கா:
ஐயா சொன்னது சரி. ஒண்ணுக்கு நடுவுல நிறுத்துறதை விட்டுடுங்க. பழக்கமானா மூத்திரப் பை முழுசா காலியாகாது, கிருமி சேரும். இருமல் வர்றதுக்கு முந்தின நொடியே இழுத்துப் பிடிங்க. மலச்சிக்கலைச் சரி பண்ணுங்க. மூணு மாசம் ஒழுங்காச் செஞ்சு பார்க்காம ஆபரேஷன் பேச்சு வேண்டாம். தாம்பத்தியத்துல வலி, ஒண்ணுக்கு ஆரம்பிக்கச் சிரமம் உண்டா? இருந்தா அந்த அடித்தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அப்படின்னா கெகல் வலியைக் கூட்டும், தளர்த்தத்தான் பழகணும்.

குடம்தூக்கி:
வலி இல்லக்கா. ஐயா, இப்பத்தான் வயித்துல கை வெச்சுப் பார்த்தேன். நானும் முக்கிக்கிட்டுதான் இருந்திருக்கேன்.